ஏழாம் செட்டின் ஆடி மாதம்

ஆடி பிறந்த அன்று காலையில் எங்கள் குடோன் சுவர்த்திரையில் ஏழாம் செட்டின் பெயர் சிவப்பாக எரிந்தது. ஏழாம் செட் என்றால் நான்தான். பெயர் நாகஜோதி. ஓட்டல் மேலாண்மையில் பட்டம், பந்தி நடத்துவதில் பாதி ஆயுள், கோபம் வந்தால் தெருமுனைக்குக் கேட்கும் குரல். என்னோடு சமைக்கவும் பரிமாறவும் இருபது பேர். சிவப்பில் எரிந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் கம்பெனியில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக்கூடத் தெரியும். ஆடி முடிகிற அன்று அந்த செட் கலைக்கப்படும். ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம், ஒரு நன்றிச் செய்தி, அப்புறம் வாசல்.

பக்கத்தில் வந்து நின்ற பவுன்ராஜ் மாஸ்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர்தான் எங்கள் தலைமைச் சமையல்காரர். வீம்புக்குக் கண்ணாடி போட மாட்டார்.

“என்னத்தா, நம்ம பேரு மட்டும் செவப்பா மினுக்குது? பரிசு கிரிசு குடுக்குறாய்ங்களா?”

“நம்மள அனுப்புறாய்ங்க மாஸ்டர்.”

“எதுக்கு?”

“நம்ம பந்திலதேன் இலையில மிச்சம் அதிகமாம்.”

அவருக்கு வேலை போவதுகூடப் பெரிதாகப் படவில்லை. “என் சாப்பாட்டுலயா? மிச்சமா?” என்று கேட்டுவிட்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

எங்கள் கம்பெனியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தச் சிவப்பு விளங்காது. மதுரையில் இப்போது சோறு வடிக்க ஆள் வேண்டாம். நீராவி அண்டா தானே வடித்துத் தானே அணையும். பாத்திரங்கள் ஆளில்லா வண்டியில் ஏறி மண்டபத்து வாசலில் போய் இறங்கும். ஆனாலும் கல்யாணப் பந்தியில் மனுஷன்தான் பரிமாற வேண்டும் என்று ஊர் பிடிவாதமாக இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தில்தான் ‘நல்லிலை கேட்டரிங்’ பிழைக்கிறது. முதலாளி தவமணி அக்கா. கம்பெனியில் பத்து செட். ஒவ்வொரு செட்டும் தனித்தனியாகச் சமைத்துத் தனித்தனியாகப் பந்தி நடத்தும்.

முன்பெல்லாம் எல்லா முடிவும் அக்காவுடையதுதான். ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பலாச்சுளை பிரியாணி போட்டால் ஊரே பேசும் என்று முடிவெடுத்தார். ஊர் பேசியது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அன்று வெறுத்துப்போய்த் தன் கொழுந்தன் காசிராஜனைக் கூப்பிட்டு, “நான் எடுக்குற முடிவுல பாதி சரி, பாதி தப்பு காசி. எந்தப் பாதி எதுன்னுதேன் தெரியல” என்றார்.

காசிராஜன் உயிரியல் படித்துவிட்டுக் கணினிக்குத் தாவியவர். அதனால் எதைப் பார்த்தாலும் அவருக்குப் பரிணாமமாகத் தெரியும்.

“மதினி, மான் வேகமா ஓடணும்னு எந்த மானேஜர் உக்காந்து முடிவெடுத்தான்? மெதுவா ஓடுன மானையெல்லாம் புலி தின்னுருச்சு. மிச்சமிருந்தது வேகமா ஓடுது, அம்புட்டுத்தேன். கம்பெனியும் அப்படித்தேன். நாமதேன் மாத்துனோம்னு முதலாளிமாரு நினைச்சுக்கிறாங்க. உண்மையில பொருந்தாதத ஊரு தள்ளிவிடுது. பொருந்துறது நிக்குது.”

“அப்ப நான் எதுக்கு?”

“நீங்க நிம்மதியா இருங்க. நான் ஒரு முறம் செஞ்சு தர்றேன்.”

அப்படி வந்ததுதான் முறம் என்கிற கணினி நிரல். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஒவ்வொரு செட்டுக்கும் அது ஒரு சின்ன மாற்றம் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்கே தெரியாது, சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான். ஊறுகாயை வலது மூலையில் வை. பாயசத்தை முதலில் ஊற்று. பச்சைச் சட்டை போடு. ஒரு தடவை எங்கள் செட்டுக்கு, சோறு போடும்போது சிரிக்கக் கூடாது என்று வந்தது. எங்களில் யார் வீட்டிலோ துக்கம் என்று நினைத்து, பெண்ணின் அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

சாப்பிட்டவர் எழுந்ததும், கூரையில் தொங்கும் கேமராக் கண்கள் இலையைப் படம்பிடித்து மிச்சத்தைக் கணக்கிடும். மிச்சம் குறைந்தால் அந்த மாற்றம் நிலைக்கும், கூடினால் அழியும். ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால் ஆடிதான் புடைக்கிற மாதம். கடைசியில் நிற்கும் செட் கலையும். அதன் இடத்தில், முதலில் நிற்கும் செட்டின் பழக்கங்களை அப்படியே சொல்லிக்கொடுத்துப் புது ஆட்களை வைத்து ஒரு நகல் செட் முளைக்கும். ஐந்து ஆடி வரை முறத்தின் முடிவில் யாரும் கைவைக்கக் கூடாது என்று குடும்பத்தில் பேசி முடித்தார்கள். இது நான்காவது ஆடி.

நான்கு வருஷமாக முதலிடம் மூன்றாம் செட்டுக்குத்தான். அதன் தலைவன் குபேந்திரன். தலைக்கு எண்ணெய் தேய்த்து வழித்துச் சீவி, பார்க்கிறவர்களையெல்லாம் ‘மாமா’, ‘அத்தை’ என்று கூப்பிட்டு ஒட்டிக்கொள்கிற ஆள். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஆகாததற்குக் காரணம் முதலிடம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சித்திரையிலிருந்தே எங்கள் செட் சரிந்துகொண்டிருந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. முருங்கைக்காய்ச் சக்கையை இலையில் துப்பி வைப்பதால்தான் மிச்சம் கூடுகிறது என்று கண்டுபிடித்தேன். சாம்பாரில் முருங்கைக்காயை நிறுத்தினேன். கறிவேப்பிலையை அரைத்துப் போடச் சொன்னேன். மிளகாயைத் தாளித்தபின் எடுத்துவிடச் சொன்னேன். இதற்காக மாஸ்டர் வைகாசி முழுக்க என்னோடு பேசவில்லை. இத்தனையும் செய்து ஒரு படிகூட ஏறவில்லை. மேலாண்மை படித்த திமிரில் நான் எடுத்த முடிவுகள் அத்தனையும் வீண்.

சிவப்பைப் பார்த்த மறுநாள் அக்காவின் அறைக்குப் போனேன்.

“அக்கா, என் பந்தில ஒரே ஒரு தடவ உக்காந்து சாப்பிட்டுப் பாருங்க. அப்பறம் முடிவு பண்ணுங்க.”

“உன் சாப்பாடு எனக்குத் தெரியாதா ஜோதி? என் தங்கச்சி மக சடங்குக்கு உன் செட்டத்தான கேட்டு வாங்குனேன்.”

“அப்ப?”

“அப்ப என்ன? நான் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு நானே சொல்லிட்டேனே.” அக்கா மேசையில் விரலால் தட்டினார். “எனக்கும் ஒண்ணும் விளங்கலத்தா. முறம் கணக்குப்படி வருஷா வருஷம் நம்ம தரம் ஏறுது. ஆவணிக்கு புக்கிங் பாரு, போன வருஷத்துல பாதிகூட இல்ல. காசிகிட்ட கேட்டா, சுற்றுச்சூழல் மாறுதுங்கிறான். என்னடா சுற்றுச்சூழல், மழ பெய்யலயா, ஜனங்க கல்யாணம் பண்ணலயான்னு கேட்டேன். சிரிக்கிறான்.”

அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அழுதேன். என் செட்டில் பாதிப் பேர் என்னை நம்பி வேறு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். அக்கா எழுந்து வந்தார். தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். எனக்கு அது இன்னும் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் கருமாதி உண்டு. சோலையப்பன் ஐயா அந்த ஆடியின் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தார். நூற்றிரண்டு வயது. கடைசி வரை பேப்பர் படித்து, கடைசி வரை மருமகள்களை அதட்டி, தூக்கத்திலேயே போனவர். எடுக்கும்போதே மேளமும் குத்தாட்டமும் தூள் பறந்தது, அப்படிப்பட்ட கல்யாணச் சாவு. எங்கள் கம்பெனிக்கு முதல் கல்யாண ஆர்டர் கொடுத்தவரும் அவர்தான். கருமாதி விருந்துக்குக் கூட்டம் அதிகம் என்று மண்டபத்தின் இரண்டு தளத்தையும் எடுத்திருந்தார்கள். கீழே ஏழாம் செட், மாடியில் மூன்றாம் செட். இப்படி இரண்டு செட் ஒரே இடத்தில் வேலை செய்வது எங்கள் கம்பெனியில் அபூர்வம். தவமணி அக்காவும் காசிராஜனும் விருந்தாளிகளாக வந்திருந்தார்கள்.

ஆடியில் நடப்பது முறத்தின் கணக்கில் சேராது. அது தெரிந்ததும் மாஸ்டருக்குக் கொண்டாட்டம்.

“இதுதேன நமக்குக் கடைசிப் பந்தி? சாம்பாருக்கு முருங்கக்கா போடப்போறேன். எவளும் எங்கிட்டப் பேசக் கூடாது.”

நான் பேசவில்லை. அன்று கீழ்த்தளத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார்கள். சோலையப்பன் ஐயாவின் குறும்புகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து, சாப்பிடுகிறவர்களின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை போகப்போகிறது என்பது எனக்கே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது.

அப்போதுதான் மாடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“எவன்டா அவன்! எவன்டா இலைய இந்தப் பக்கம் மூடுனது!”

ஓடினேன். சோலையப்பன் ஐயாவின் மூத்த மகன் பந்தி நடுவே நின்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்கே எழுபத்தெட்டு வயது. எதிரே குபேந்திரனின் ஆட்கள் விழித்துக்கொண்டு நின்றார்கள். மேசை நெடுக இலைகள், எல்லாம் சாப்பிட்டவர் பக்கமாக அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள். இந்த உறவும் விருந்தும் தொடரட்டும் என்று அர்த்தம். துக்க வீட்டில் எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்பார்கள், இது இத்தோடு முடியட்டும் என்று. இப்போதெல்லாம் பாதிப் பேர் மடிக்காமலே எழுந்து போகிறார்கள். மூன்றாம் செட்டின் ஆட்கள், சாப்பிட்டவர் மோரைக் குடித்து நிமிர்ந்ததும் குனிந்து, “திருப்திங்களாய்யா? நீங்க சிரமப்படாதீங்க” என்று சொல்லித் தாங்களே இலையை மடித்துவிடுவார்களாம். கல்யாணங்களில் நான்கு வருஷமாகச் செய்த பழக்கம், கருமாதி வீட்டிலும் கை தானாகப் போய்விட்டது.

“இன்னொரு சாவு வேணும்னு கேக்குறீங்களாடா? எங்கப்பாவுக்கு அடுத்து வரிசைல நாந்தேன்டா நிக்கிறேன்!” என்றார் மூத்தவர்.

ஹால் முழுக்கச் சிரித்தது. அவருடைய மனைவியே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எழுபத்தெட்டு வயதில் அது விளையாட்டுப் பேச்சும் அல்லதானே.

குபேந்திரன் காலில் விழாத குறை. “மாமா, மன்னிச்சிருங்க மாமா. கைப்பழக்கம்.”

“மன்னிப்பெல்லாம் அப்பறம். மூடுன இலை அம்புட்டையும் தொறந்து, மறுபடி அந்தப் பக்கமா மூடுங்க. தொட்டில போட்டதையும் எடுத்து மூடுங்க. ஒரு இலை விடக் கூடாது!”

மறுக்க முடியுமா? மூன்றாம் செட் பாய்ந்தது. நானும் என் ஆட்களைக் கூப்பிட்டேன். தவமணி அக்கா பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இலைத்தொட்டிப் பக்கம் போனார். முதலாளியே போன பிறகு காசிராஜன் எப்படிச் சும்மா நிற்பார்? முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு அவரும் குனிந்தார்.

முதல் இலையைத் திறந்தவர் அக்காதான். திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

உள்ளே சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. உருளைக்கிழங்குக் கறி தொடப்படவில்லை. அவரைக்காய்ப் பொரியல் வைத்தது வைத்தபடி. நான் ஒரு இலையைத் திறந்தேன். வடை ஒரு கடியோடு கிடந்தது. காசிராஜன் ஒன்றைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார், அப்புறம் வெறி பிடித்தவர் மாதிரி வரிசையாகத் திறந்துகொண்டே போனார். மேசை நெடுக மிச்சம். பாயசத்தில் ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டது.

அவர் கீழே இறங்கிப் போய் எங்கள் பந்தியைப் பார்த்தார். அங்கே இலைகள் திறந்தே கிடந்தன. ஒவ்வொன்றிலும் முருங்கைக்காய்ச் சக்கையும் ரெண்டு கறிவேப்பிலையும். திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

“என்னடா ஆச்சு?” என்றார் அக்கா.

“மதினி, மூடுன இலை முறத்துக்கு வெறும் பச்சை. பச்சைன்னா மிச்சம் இல்ல. மிச்சம் இல்லன்னா முதலிடம். தொறந்து கெடக்குற இலையில ரெண்டு சக்கை இருந்தாலும் அது மிச்சம்.”

“புரியுற மாதிரி சொல்லு.”

“நாலு வருஷமா அது நல்லா சமைக்கிறவங்களத் தேடல மதினி. நல்லா மூடுறவங்களத் தேடிருக்கு! நான் சொன்னேன்ல, சீட்டுக் குலுக்கிப் போட்டு, பொருந்துறத நிறுத்தும்னு. எம்புட்டு அருமையா வேலை செஞ்சிருக்கு பாத்தீங்களா!”

“உன் மூஞ்சி. ஆவணிக்கு புக்கிங் இல்லாம உக்காந்திருக்கேன், அருமையாம்ல.”

குபேந்திரன் வெளிறிப்போய் நின்றான். “அண்ணே, சத்தியமா ஏமாத்தணும்னு செய்யல. விருந்தாளிக்குக் கூடுதலா ஒரு மரியாதை செய்யின்னு ஒருநாள் முறம் சொல்லுச்சு. ஒருத்தன் இலைய மூடிவிட்டான். மார்க் ஏறுச்சு. எல்லாரையும் மூடச் சொன்னேன்.”

“சரி, சமையலு ஏன்யா இப்படி நாறுது?” என்றேன் நான்.

“எண்ணெயக் குறைன்னு சொல்லுச்சு. குறைச்சோம், மார்க் இறங்கல. பருப்பக் குறைன்னுச்சு. அதையும் குறைச்சோம். என்னத்தக் குறைச்சாலும் பச்சையாவே இருந்துச்சு ஜோதி. நாங்க நல்லா சமைக்கிறோம்னே நினைச்சுட்டோம்.”

அவன் பொய் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான்கு வருஷமாக முதலிடத்தில் இருந்தவன் அன்றுதான் தன் இலையைத் திறந்து பார்க்கிறான்.

காசிராஜன் கைபேசியை எடுத்துவிட்டார். “சின்ன விஷயந்தேன் மதினி. இலையைப் படம் பிடிக்காம எடை போட வெப்போம். கணக்கைத் திருத்துனா ஏழாம் செட் மேல வந்துரும். மூணாம் செட்டும் அதோட நகலு மூணும் கடைசிக்குப் போயிரும். இந்த ஆடிக்கு மூணக் கலைச்சிரலாம்.”

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பிழைத்தோம்! துள்ளிக் குதிக்கத் தோன்றியது. கொஞ்சம் குதித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு திரும்பினால் குபேந்திரனின் ஆட்கள் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார்கள். ஒருவன் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். அன்று காலை வரை அந்தச் சுவரோரத்தில் நின்றது நாங்கள். என் குதிப்பு எனக்கே கசந்துவிட்டது.

தவமணி அக்கா நேராகக் குபேந்திரனிடம் போனார்.

“டேய், உண்மையச் சொல்லு. நாளைக்கு முறம் இலைய எடை போட்டா நீ என்ன செய்வ?”

அவன் தயங்கினான். “சொல்லட்டுமாக்கா?”

“சொல்லு.”

“கொஞ்சமா பரிமாறுவேன்.”

“சரி. ரெண்டாந்தடவ கேட்டு வாங்குறாங்களான்னு எண்ணுனா?”

“மொதத் தடவ இன்னும் கொஞ்சமா பரிமாறுவேன்.”

அக்கா சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன். கொழுந்தன் பக்கம் திரும்பினார்.

“ஏன்யா கொழுந்தனாரே, மிச்சத்தப் பாருன்னு முறத்துக்கு யாரு சொன்னது?”

“நீங்கதேன் மதினி. என்னத்தப் பாக்கணும்னு கேட்டேன். இலையில மிச்சம் இருக்கக் கூடாதுடான்னு சொன்னீங்க.”

“பாத்தியா? நான் முடிவெடுக்குறத நிறுத்தவே இல்லடா. ஒரே ஒரு முடிவ எடுத்துட்டு நாலு வருஷம் தூங்கிருக்கேன். பலாச்சுளை பிரியாணி பரவால்ல, ஒரு கல்யாணத்தோட போச்சு.”

“இப்ப என்ன செய்யணும்ங்கிறீங்க?”

“யாரும் போகல. ஏழும் போகல, மூணும் போகல.”

“மதினி, அஞ்சு ஆடி வரைக்கும் கைவைக்கக் கூடாதுன்னு பேச்சு.”

“பேசுனது நான். உடைக்கிறதும் நானே. குபேந்திரன் ஆளுக சிரிச்ச முகமா நிக்கிறாய்ங்க. முந்நூறு பேரு உக்காந்த ஹாலைச் சண்டையில்லாம எழுப்பிவிடுறாய்ங்க. அது சும்மா வருமா? ஜோதி பந்தில ஒரு பய எந்திரிக்க மாட்டேங்குறான், பின்னால நிக்கிறவன் அடிச்சுக்கிறான். பவுன்ராஜ் சமையலு, குபேந்திரன் பரிமாறலு. ரெண்டு செட்டையும் கலந்து போடு.”

“இது சரியா வரும்னு எப்படித் தெரியும்? கணக்கே இல்லாம?”

“தெரியாது.”

“பிரியாணிக்கும் இப்படித்தேன் சொன்னீங்க.”

“ஆமாய்யா. அது தப்பாப் போனப்ப ஒரு வாரம் வெளிய தலைகாட்டல நான். முறம் தப்புப் பண்ணுனா யாரு வெக்கப்படுறா? நீ பாரு, உக்காந்து சிரிக்கிற. எனக்கு வெக்கமா இருக்கும்ல, அதனால அடுத்த தடவ இலையத் தொறந்து பாப்பேன்.”

குபேந்திரனோடு வேலை செய்ய வேண்டும் என்றதும் எனக்குப் பகீர் என்றது. பிழைத்த சந்தோஷத்தில் அதையும் விழுங்கிக்கொண்டேன். மாஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: “முருங்கக்கா உண்டுல்ல?”

உண்டு என்றேன். பெரிய மனுஷன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார்.

ஆவணியில் முதல் கல்யாணம் ஒரு சின்ன வீட்டில். பெண்ணின் அப்பா வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், பெரிய கேட்டரிங்காரர்களிடம் கேட்கவே கூச்சப்பட்டு எங்களிடம் வந்தவர். மாஸ்டரின் சாப்பாட்டைக் குபேந்திரனின் ஆட்கள் பரிமாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் தடவை சோறு வாங்கியவர்களைக்கூட, “மாமா, வெளியில குல்பி வெச்சிருக்கோம், தீர்ந்துருச்சுன்னா என்னையக் குறை சொல்லக் கூடாது” என்று சொல்லிச் சிரிக்கச் சிரிக்க எழுப்பிவிட்டான் பாவி. பின்னால் நின்றவர்களுக்குக் காத்திருப்பே தெரியவில்லை. இலையை யாரும் தொடவில்லை. சாப்பிட்டவர்கள் அவரவர் விருப்பப்படி மூடினார்கள், மூடாமலும் போனார்கள். எனக்கும் அவனுக்கும் பாயச வாளி விஷயத்தில் இரண்டு சண்டை வந்தது. ஆனால் அவன் பந்தி நடத்துகிற அழகைப் பார்த்து நான் வாயைப் பிளந்ததும் உண்மை.

அந்தக் கல்யாணத்திலிருந்து இன்னொன்று வந்தது, அதிலிருந்து இரண்டு. புரட்டாசி வருவதற்குள் ஐப்பசிக்கு நாள் இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினோம். அக்கா முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது.

ஆவணியின் கடைசி முகூர்த்தத்தன்று, விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். அக்கா, காசிராஜன், மாஸ்டர், நான். குபேந்திரன்தான் பரிமாறினான். உட்காரச் சொன்னாலும் கேட்கவில்லை. ரசம் வரும்போது காசிராஜன் தொண்டையைச் செருமினார்.

“மதினி, ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“முறத்த நான் நமக்கு மட்டும் செய்யல. திண்டுக்கல்லுலருந்து விருதுநகர் வரைக்கும் கேட்டரிங்காரங்க அம்புட்டுப் பேருக்கும் வித்திருக்கேன்.”

அக்காவின் கை ரசத்தில் நின்றது.

“அவங்களும் மிச்சத்தத்தேன் பாக்கச் சொன்னாங்க. எல்லா ஊர்லயும் இலைய மூடிக்கிட்டு இருக்காய்ங்க. எல்லா ஊர்லயும் சாப்பாடு கெட்டுப்போச்சு. அதான் கூட்டம் இங்க வருது.”

“அட துரோகி!” என்றேன் நான். முதலாளியின் கொழுந்தன் என்று பார்க்கவில்லை.

“இரு ஜோதி. நான் என்ன சொல்ல வர்றேன்னா, மதினி சரியா முடிவெடுத்தாங்கன்னு நாம ஜெயிக்கல. ஊரு எல்லாரையும் சேத்துப் போட்டுப் புடைச்சுச்சு, மாறியிருந்த ஒரே கம்பெனி நாம. அன்னிக்கு மதினி முடிவெடுக்காம காசைச் சுண்டிப் போட்டு வேற எத மாத்தியிருந்தாலும் ஏறக்குறைய இதேதேன். நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. மறுத்துப் பேச ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அவர் கணக்கு அனேகமாகச் சரியாகத்தான் இருக்கும், அவர் கணக்கில் கெட்டிக்காரர். மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா ரசத்தைக் குடித்து முடித்தார். நிதானமாகத்தான் பேசினார்.

“இருக்கட்டும்யா. ஊரு நம்மள எதுக்கு விட்டு வெச்சிருக்குன்னு ஊருக்கே தெரியாது. இவன நான் எதுக்கு விட்டு வெச்சேன்னு எனக்குத் தெரியும்ல?” என்று குபேந்திரன் பக்கம் தலையை அசைத்தார். “ஜெயிக்கிறதுக்கா வெச்சேன்? மூஞ்சியப் பாத்துப் போடான்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுக்கு நீ கணக்குப் போட்டியா?”

காசிராஜன் தன் இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கினார். எதிர்த்துச் சொல்ல அவருக்கும் விருப்பம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. குபேந்திரன் பாயச வாளியோடு நின்றான். ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

“அக்கா,” என்றான் கடைசியில். “வர்ற ஆடில தொழில் படுத்துருச்சுன்னா? யாராச்சும் போய்த்தேன் ஆகணும்னு வந்துச்சுன்னா?”

“தெரியலப்பா. வந்தாலும் வரும்.”

“அப்ப என்னக்கா செய்யிறது?”

“எங்கிட்ட வந்து சண்டை போடு.”

அவன் பாயச வாளியைக் கீழே வைத்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது.

“கண்டிப்பாப் போடுவேன்க்கா.”

“அவன் போட்டா நானும் போடுவேன்” என்றேன் நான். மாஸ்டர் வாயில் வடையோடு, தானும்தான் என்று தலையை ஆட்டினார்.